கேட்டுப் பெற்ற ராஜா: சாமுவேல் நூல்களில் அரசாட்சியும் சொல்நயமும்

அரசாட்சியைப் பற்றிப் பழைய ஏற்பாடு கூறுவது யாது என்று ஆராய்வோர் பெரும்பாலும் இரு நிலைகளுள் ஒன்றைச் சார்ந்து நிற்பர். சாமுவேலின் முதலாம் நூல் 8ஆம் அதிகாரத்தைப் பற்றிக்கொள்வோர், ராஜாவை நாடியதே பாவம் என்பர். சாமுவேலின் இரண்டாம் நூல் 7ஆம் அதிகாரத்தைப் பற்றிக்கொள்வோர், தாவீதின் சிங்காசனம் கர்த்தரின் நித்திய உடன்படிக்கையின்மேல் நிற்பது என்பர். இம்முரண்பாட்டைக் கண்ட வெல்ஹவுசன் முதலிய 19ஆம் நூற்றாண்டு அறிஞர், அரசாட்சியை ஆதரிக்கும் மூலம் ஒன்றும் எதிர்க்கும் மூலம் ஒன்றும் இந்நூலில் பின்னிக் கிடக்கின்றன என்று பகுத்துக் காட்டினர். 1 சாமுவேல் 9:1 முதல் 10:16 வரையுள்ள பகுதியும் 11ஆம் அதிகாரமும் ஒரு சாரார் குரல். 8, 12 ஆகிய அதிகாரங்களும் 10ஆம் அதிகாரத்தின் பிற்பகுதியும் மறுசாரார் குரல் என்பது அவர்கள் முடிவு.

இப்பகுப்பு பயனற்றதன்று. ஆயினும் நூலை இறுதியாகத் தொகுத்து நம் கையில் தந்தவர் இரு குரல்களையும் அருகருகே வைத்துவிட்டு வாளாவிருந்தாரல்லர். சில எளிய சொற்களை எடுத்து, அவற்றை ஓர் அதிகாரத்திலிருந்து மற்றோர் அதிகாரத்திற்குக் கொண்டுசென்று, ராஜாக்களை அச்சொற்களாலேயே அளந்து காட்டினார். ‘கேள்’, ‘செவிகொடு’, ‘எடு’, ‘நியாயம்’, ‘வீடு’ என்பனவே அச்சொற்கள். ராஜா என்னும் பட்டத்தை இந்நூல் முற்றிலும் போற்றவும் இல்லை. முற்றிலும் தூற்றவும் இல்லை. பட்டம் பெற்றவன் இவ்வைந்து சொற்களுக்கு முன் எவ்வாறு நிற்கிறான் என்பதையே கேட்கிறது. இதனை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

1. எபிரெயச் செவிக்குக் கேட்பது

எபிரெயச் சொற்களுள் மிகப் பல, மூன்று மெய்யெழுத்துகளாலாகிய வேரினின்று தோன்றுபவை. பெயரும் வினையும் ஒரே வேரைச் சுமந்து வருவதால், ஒரு மனிதனின் பெயரைச் சொல்லும்போதே ஒரு வினையும் செவியில் ஒலிக்கும். மேலும் பழங்காலச் சுருள்களில் உயிர்க்குறிகள் எழுதப்படவில்லை. அவற்றை இட்டவர்கள் பிற்காலத்து மசோரேத்தியர். ஆகவே ஒரே எழுத்துத் தொடரை இருவகையாக ஒலிக்கக்கூடிய இடங்களும் உண்டு.

நம் அணியிலக்கணத்தார் ‘பின்வருநிலையணி’ என்று ஓர் அணியை வகுத்துள்ளனர். முன்வந்த சொல்லே பின்னும் பலவிடத்து வருவது அது. சொல் ஒன்றாயிருந்து பொருள் வேறுபடின் சொற்பின்வருநிலையணி என்றும், சொல்லும் பொருளும் மாறாது வரின் சொற்பொருட்பின்வருநிலையணி என்றும் பகுப்பர். எபிரெயக் கதையாசிரியர் செய்வது ஏறத்தாழ இதுவே. 1925ஆம் ஆண்டில் பிரான்ஸ் ரோசன்ஸ்வைக் என்பாருடன் இணைந்து எபிரெய வேதத்தை ஜெர்மன் மொழியில் பெயர்க்கத் தொடங்கிய மார்ட்டின் பூபர், இத்தகைய சொற்களை ‘வழிகாட்டும் சொற்கள்’ என்னும் பொருள்பட அழைத்து, மொழிபெயர்ப்பிலும் அவற்றை இயன்றவரை ஒரே சொல்லால் பெயர்க்க முயன்றார். நம் தமிழ் மொழிபெயர்ப்பாளர் இடத்திற்கேற்ற சொல்லை ஆண்டனர்; அது குற்றமன்று. ஆனால் அதன் விளைவாக, தமிழில் மட்டும் வாசிப்போர்க்கு இச்சொற்சரடு கண்ணுக்குப் புலப்படுவதில்லை. அதனை எடுத்துக் காட்டுவது அருளுரையாளரின் கடமையாகிறது.

2. கேட்டல்

நூல் ராஜாவோடு தொடங்கவில்லை; பிள்ளையில்லாத ஒரு பெண்ணின் மன்றாட்டோடு தொடங்குகிறது. அன்னாள் கர்த்தரிடம் ஒரு மகனைக் கேட்கிறாள். எபிரெயத்தில் ‘கேள்’ என்பதற்குரிய வினை ‘ஷாஅல்’. ஏலி அவளை வாழ்த்தும்போது இவ்வேர் இருமுறை வருகிறது (1 சாமு. 1:17). மகன் பிறந்தபின் பெயருக்கு அவள் காரணம் கூறும்போது மீண்டும் வருகிறது (1:20). பிள்ளையைச் சீலோவில் கொண்டுவந்து விடும்போது (1:27, 28) நான்குமுறை வருகிறது. இவற்றுள் இறுதியாக வரும் சொல்வடிவம், அவன் கர்த்தருக்கென்று ‘ஷாஊல்’ ஆனவன் என்பதாகும். ‘கேட்கப்பட்டவன்’, ‘ஒப்புவிக்கப்பட்டவன்’ என்பது அதன் பொருள். எழுத்தும் ஒலியும் அப்படியே ‘சவுல்’ என்னும் பெயர்!

தமிழில் இப்பகுதியை வாசிக்கும் கவனமுள்ள மாணவர் எவரும் ஓர் ஐயம் எழுப்புவர்: ‘கேட்டேன்’ என்பதற்கும் ‘சாமுவேல்’ என்பதற்கும் தொடர்பு யாது? மொழியியல்படி நேரான தொடர்பு இல்லை. சாமுவேல் என்னும் பெயருக்கு ‘ஏல் என்பாரின் நாமம்’ என்பது போன்ற பொருளே பொருந்தும். கேட்டல் என்னும் வேர் முழுமையாகப் பொருந்துவது சவுலின் பெயருக்கே. இதனால் இப்பிறப்புக் கதை முதலில் சவுலைப் பற்றி வழங்கியிருக்கலாம் என்று கருதிய அறிஞர் உளர். அக்கருத்தை ஏற்றாலும் மறுத்தாலும், இன்று நம் முன் உள்ள நூலில் இது தற்செயலாக நேர்ந்த பிழையன்று. ஒரு பெண் கேட்டுப் பெற்ற பிள்ளையைக் கர்த்தருக்கே திருப்பிக் கொடுத்தாள். ஒரு ஜனம் கேட்டுப் பெற்ற ராஜாவைத் தனக்கென்று வைத்துக்கொள்ள விரும்பியது. இவ்விரு கேட்டல்களையும் ஒப்பிட்டுப் பார்க்கும்படி ஆசிரியர் முதல் அதிகாரத்திலேயே சவுலின் பெயரை ஒலிக்கச் செய்துவிடுகிறார்.

8ஆம் அதிகாரத்திற்கு வருவோம். சாமுவேல் யாருக்குப் பதில் உரைக்கிறான்? தன்னிடம் ராஜாவைக் ‘கேட்ட’ ஜனங்களுக்கு (8:10). 12ஆம் அதிகாரத்தில் அவன் விடைபெறும் உரையிலும் அதே சொல் அடிக்கடி வருகிறது (12:13, 17, 19). சவுல் என்னும் பெயரைச் சொல்லும்போதெல்லாம் ‘நீங்கள் கேட்டீர்களே, அவன்’ என்று எபிரெயச் செவிக்குக் கேட்கும். அவ்வொலியில் கொடையும் உண்டு, குற்றச்சாட்டும் உண்டு.

கேட்கப்பட்டவன் தானும் கேட்கிறான். பெலிஸ்தரைப் பின்தொடரலாமா என்று சவுல் தேவனிடம் கேட்கிறான். அன்றையதினம் பதில் வரவில்லை (14:37). ஜனங்கள் தங்கள் ராஜாவினிமித்தம் முறையிடும் நாளில் கர்த்தர் பதிலளிக்கமாட்டார் என்று 8:18இல் சாமுவேல் எச்சரித்திருந்தான். அங்கு வந்த ‘பதிலளியார்’, ‘அந்நாளில்’ என்னும் அதே சொற்களே இங்கும் வருகின்றன. ஜனங்களுக்குச் சொல்லப்பட்டது முதலாவது ராஜாவின்மேலேயே பலித்தது. இறுதியில், சொப்பனத்தினாலும் ஊரீமினாலும் தீர்க்கதரிசிகளினாலும் விடை பெறாத சவுல் (28:6), எந்தோரில் குறிசொல்லும் பெண்ணை நாடிச் செல்கிறான். பூமிக்குள்ளிருந்து எழும்பி வந்த சாமுவேலின் வினாவும் அதே வேரில் அமைந்ததே: என்னிடம் ஏன் கேட்கிறாய்? (28:16).

இங்கு மற்றொரு சொல்நயமும் கவனிக்கற்பாலது. மரித்தோரின் உலகமாகிய பாதாளத்திற்கு எபிரெயத்தில் ‘ஷெயோல்’ என்று பெயர். உயிர்க்குறி இன்றி எழுதினால் ‘ஷெயோல்’, ‘ஷாஊல்’ ஆகிய இரண்டும் ஒரே எழுத்துகள். பாதாளத்தில் இறங்கச் செய்கிறவரும் ஏறிவரச் செய்கிறவரும் கர்த்தரே என்று நூலின் தொடக்கத்தில் அன்னாள் பாடினாள் (2:6). தாவீதின் பாடலின் முகவுரை சவுலின் கைக்குத் தப்பியதைக் கூறுகிறது, பாடலின் உள்ளே பாதாளத்தின் கட்டுகளைப் பற்றிய பேச்சு வருகிறது (2 சாமு. 22:1, 6). ஜனம் கேட்டுப் பெற்றவன் பாதாளத்தின் வாயில்வரை சென்று கேட்பவனாக முடிந்தான் என்பதை இவ்வெழுத்து ஒற்றுமை உறுத்திக் காட்டுகிறது.

3. செவிகொடுத்தல்

‘ஷாஅல்’ என்பதோடு இணைந்து ஓடும் மற்றொரு வினை ‘ஷாமா’. கேட்டல், செவிகொடுத்தல், கீழ்ப்படிதல் ஆகிய மூன்றும் இதன் பொருள். முதற்சொல் சவுலின் சொல் எனின், இது சாமுவேலின் சொல். பெயரொலியும் சற்றே ஒத்திருக்கிறது. சிறுவனாகிய சாமுவேல் இரவில் கற்றுக்கொண்ட பதிலே, அடியேன் கேட்கிறேன் என்பதுதான் (1 சாமு. 3:10).

ராஜாவை ஜனம் நாடிய அதிகாரத்தில் கர்த்தர் மும்முறை சாமுவேலிடம், ஜனங்களின் சத்தத்திற்குச் செவிகொடு என்கிறார் (8:7, 9, 22). ஜனங்களோ சாமுவேலின் சத்தத்திற்குச் செவிகொடுக்க மறுத்தனர் (8:19). கர்த்தர் ஜனத்திற்குச் செவிகொடுக்கிறார். ஜனம் அவருக்குச் செவிகொடுக்கவில்லை. இம்முரணே அவ்வதிகாரத்தின் உயிர்நாடி.

15ஆம் அதிகாரம் இவ்வினையாலேயே கட்டப்பட்டுள்ளது. கர்த்தருடைய வார்த்தைகளின் சத்தத்திற்குச் செவிகொடு என்று சவுல் ஏவப்படுகிறான் (15:1). அவன் கீழ்ப்படிந்ததாகச் சொல்லிக்கொண்டிருக்கையில், சாமுவேலின் காதில் விழுவது ஆடுமாடுகளின் சத்தம் (15:14). பலியைப் பார்க்கிலும் செவிகொடுத்தலே சிறந்தது என்னும் புகழ்பெற்ற தீர்ப்பு அதன்பின் வருகிறது (15:22). இறுதியில் சவுலின் வாக்குமூலம்: ஜனங்களுக்குப் பயந்து அவர்கள் சத்தத்திற்குச் செவிகொடுத்தேன் (15:24). எந்தோரில் இச்சொல் தன் கடைசி வளையத்தை இடுகிறது. கர்த்தரின் சத்தத்திற்குச் செவிகொடாமற்போனாய் என்று சாமுவேல் உரைத்தபின் (28:18), நான் உமக்குச் செவிகொடுத்தேனே, நீரும் எனக்குச் செவிகொடும் என்று அந்தப் பெண் உணவருந்த வற்புறுத்துகிறாள். அவன் இணங்குகிறான் (28:21-23). கர்த்தருக்குக் கேளாத ராஜா கடைசியாகக் கேட்டது குறிசொல்லியின் சத்தத்தை.

எபிரெயத்தில் இரு வேர்களால் சொல்லப்படும் இதனைத் தமிழ் ஒரே சொல்லில் அடக்குகிறது. ‘கேள்’ என்பது வினவுதலுக்கும் வேண்டுதலுக்கும் செவியுறுதலுக்கும் உரிய சொல். ‘பெரியோர் சொல் கேள்’ என்னும்போது கீழ்ப்படிதலையும் அது குறிக்கும். ஆகவே எபிரெயம் அறியாத சபையாருக்கும் இந்நூலின் சாரத்தைத் தமிழில் ஒரே வரியில் சொல்லிவிடலாம்: ஜனம் கேட்டது, கேட்கவில்லை, ராஜா கேட்டான், கேட்கவில்லை. மொழிபெயர்ப்பில் இழந்த நயத்தைத் தமிழே தன் வழியில் மீட்டுத் தரும் அரிய இடங்களுள் இது ஒன்று.

4. நியாயமும் எடுத்தலும்

ஜனங்கள் ராஜாவைக் கேட்டதற்குக் காரணம் வீணானதன்று. சாமுவேலின் குமாரர் பொருளாசையின்பின் சென்று, பரிதானம் எடுத்து, நியாயத்தைப் புரட்டினர் (8:3). ஆகவே தங்களை நியாயம் விசாரிக்க ஒரு ராஜா வேண்டும் என்றனர் (8:5). இவ்விடத்து இரு சொற்களைக் குறித்துக்கொள்ள வேண்டும். நியாயம் என்பதற்குரிய சொல் ‘மிஷ்பாத்’. எடுத்தல் அல்லது வாங்குதலுக்குரிய வினை ‘லாகஹ்’.

‘மிஷ்பாத்’ என்னும் சொல் நீதி, தீர்ப்பு, உரிமை, வழக்கம் என்னும் பல பொருள்களைக் கொண்டது. ஜனங்கள் நீதி கேட்டனர். சாமுவேல் அவர்களுக்கு ‘ராஜாவின் மிஷ்பாத்’ இன்னதென்று விளக்குகிறான் (8:9, 11). அவர்கள் எதிர்பார்த்தது ராஜாவின் நீதி. அவன் எடுத்துரைத்ததோ ராஜாவின் வழக்கம். அவ்வழக்கத்தை உணர்த்தும் வினை, குமாரர் செய்த அதே வினை: எடுப்பான். உங்கள் குமாரரை எடுப்பான் (8:11), குமாரத்திகளை எடுப்பான் (8:13), வயல்களையும் திராட்சத்தோட்டங்களையும் எடுப்பான் (8:14), வேலைக்காரரையும் கழுதைகளையும் எடுப்பான் (8:16). நான்கு முறை எடுத்தபின் ஐந்தாவதாக எஞ்சுவது ஒன்றே: நீங்கள் அவனுக்கு அடிமைகளாவீர்கள் (8:17). எடுக்கும் நீதிபதிகளுக்கு அஞ்சி ஓடியவர்கள், அவர்களினும் பெரிதாக எடுப்பவனிடத்தில் அடைக்கலம் புகுந்தனர் என்பதே இச்சொல்நயத்தின் தீர்ப்பு. எனினும் 10:25இல் அதே ‘மிஷ்பாத்’ அரசாட்சியின் முறைமை என்னும் பொருளில் வந்து, ஒரு சுருளில் எழுதப்பட்டுக் கர்த்தருடைய சந்நிதியில் வைக்கப்படுகிறது. ராஜாவின் வழக்கத்திற்கு எழுதப்பட்ட ஒரு வரம்பு அவசியம் என்பதையும் இந்நூல் அறியும்.

12ஆம் அதிகாரத்தில் முதிர்வயதடைந்த சாமுவேல் சபை நடுவே நின்று தன்னைத்தானே கணக்குக்கு உட்படுத்துகிறான்: யாருடைய எருதை எடுத்தேன்? யாருடைய கழுதையை எடுத்தேன்? யார் கையில் பரிதானம் எடுத்தேன்? (12:3). நீர் ஒருவர் கையிலும் ஒன்றும் எடுக்கவில்லை என்று ஜனம் சாட்சி பகர்கிறது (12:4). எடுப்பவனாகிய ராஜா அரியணை ஏறும் வேளையில், எடாதவனாகிய தீர்க்கதரிசி விடைபெறுகிறான்.

5. தாவீதின் வீடும் தாவீதின் கையும்

தாவீதின் வரலாற்றில் இச்சொற்கள் புதிய திருப்பம் பெறுகின்றன. அவன் கர்த்தரிடத்தில் கேட்கும்போது பதில் பெறுகிறான் (1 சாமு. 23:2, 4, 30:8, 2 சாமு. 2:1, 5:19). அதே ‘ஷாஅல்’, வேறு முடிவு.

அவன் கேதுருமர வீட்டில் வாசம்பண்ணுகையில், கர்த்தருக்கு ஒரு வீடு கட்ட விரும்புகிறான். ‘பாயித்’ என்னும் எபிரெயச் சொல் வீட்டையும், அரண்மனையையும், ஆலயத்தையும், வம்சத்தையும் குறிக்கும். நீ எனக்கு வீடு கட்டுவாயோ என்று வினவிய கர்த்தர், நானே உனக்கு ஒரு வீட்டை உண்டாக்குவேன் என்கிறார் (2 சாமு. 7:5, 11). முன்னது கல்லாலும் மரத்தாலும் ஆகும் வீடு, பின்னது சந்ததி. தமிழர்க்கு இந்நயம் அயலானதன்று. ‘கோ’ என்பது அரசனையும் இறைவனையும் குறிக்க, ‘கோயில்’ என்பது பண்டைத் தமிழில் அரண்மனைக்கும் தெய்வத்தின் இல்லத்திற்கும் பொதுவாக வழங்கியது. சீலோவின் ஆலயத்தைக் குறிக்கும் ‘ஹேக்கால்’ என்னும் எபிரெயச் சொல்லும் (1 சாமு. 1:9) அத்தகையதே. ‘பெரிய வீடு’ எனப் பொருள்படும் சுமேரியச் சொல் அக்காதிய மொழி வழியாக எபிரெயத்தில் புகுந்து, அரண்மனைக்கும் ஆலயத்திற்கும் பொதுப்பெயராயிற்று. இச்சொற்கள் அரசனின் வீட்டையும் ஆண்டவரின் வீட்டையும் ஒன்றெனக் கருதும் சோதனையைத் தம்முள் கொண்டுள்ளன. 2 சாமுவேல் 7ஆம் அதிகாரம் அச்சோதனையைத் தடுத்து நிறுத்துகிறது: வீட்டைக் கொடுப்பவர் கர்த்தர், பெறுபவனே ராஜா. ஆட்டுமந்தையின் பின்னே சென்ற உன்னை நானே ‘எடுத்தேன்’ என்று அவர் நினைவூட்டும்போது (7:8), எடுக்கும் உரிமை யாருக்குரியது என்பதும் தெளிவாகிறது.

நான்கு அதிகாரங்களுக்குப் பின் அவ்வுரிமையைத் தாவீது தன் கையில் எடுத்துக்கொள்கிறான். 11ஆம் அதிகாரத்தின் தொடக்கம் ராஜாக்கள் யுத்தத்திற்குப் புறப்படும் காலத்தைக் குறிப்பிடுகிறது. மசோரேத்தியப் பாடத்தில் ‘ராஜாக்கள்’ என்னும் சொல்லில் ஆலெப் என்னும் எழுத்து ஒன்று மிகையாக நிற்கிறது. உயிர்க்குறிகள் ‘ராஜாக்கள்’ என்று படிக்கச் செய்தாலும், எழுத்துகள் ‘தூதர்கள்’ என்று நிற்கின்றன. ‘மெலெக்’ என்பது ராஜா. ‘மல்ஆக்’ என்பது தூதன். இது எழுதுவோரின் கைப்பிழையாகவும் இருக்கலாம். ஆயினும் புறப்பட வேண்டிய ராஜா வீட்டிலிருக்க, அவன் அனுப்பும் ஆட்களே போய்வரும் அதிகாரத்திற்கு இத்தடுமாற்றம் வியக்கத்தக்க வகையில் பொருந்துகிறது. தாவீது தூதரை அனுப்பி அவளை ‘எடுத்தான்’ (11:4). அழைத்துவருதல் என்று பெயர்க்கும்போது இவ்வினையின் கூர்மை மழுங்கிவிடுகிறது. எபிரெயத்தில் இது சாமுவேல் எச்சரித்த அதே ‘லாகஹ்’.

நாத்தான் இதனை அறிந்தே பேசுகிறான். ஐசுவரியவான் தன் மந்தையிலிருந்து எடுக்க மனமில்லாமல் ஏழையின் ஆட்டுக்குட்டியை எடுத்தான் (12:4). உவமையைக் கேட்ட தாவீது சீறித் தீர்ப்பளிக்கிறான். உரியாவின் மனைவியை நீ எடுத்தாய் என்று தீர்க்கதரிசி இருமுறை உரைக்கிறான் (12:9, 10). தாவீது தன் ஜனமனைத்திற்கும் நியாயமும் நீதியும் செய்தான் என்று 8:15 சாற்றியிருந்தது. அந்த நியாயம் அவன் வாயிலிருந்தே அவனுக்கு எதிராக வந்தது.

இவ்வீழ்ச்சியின் அரசியல் விளைவையும் இதே சொற்கள் சொல்லுகின்றன. வழக்கோடு வருவோரை வாசலில் நிறுத்தி, உன் காரியத்தைக் கேட்க ராஜாவிடத்தில் ஒருவரும் இல்லை என்று அப்சலோம் கூறுகிறான் (15:3). தன்னை நியாயாதிபதியாக வைத்தால் நலம் என்கிறான் (15:4). கேட்கும் செவி இல்லாத அரண்மனைக்கு எதிராகக் கலகம் எளிதில் வேர்கொள்கிறது.

6. சாலொமோன் கேட்டது

பிரிந்து ஓடிய இழைகள் அனைத்தும் 1 இராஜாக்கள் 3ஆம் அதிகாரத்தில் ஒரு முடிச்சாகின்றன. நான் உனக்குக் கொடுக்கவேண்டுவதைக் கேள் என்கிறார் தேவன் (3:5). ஜனம் ராஜாவைக் கேட்டது. இப்போது ராஜா கேட்கவேண்டும். சாலொமோன் வேண்டியது, ஜனத்தை நியாயம் விசாரிக்க ஒரு ‘கேட்கும் இருதயம்’ (3:9). எபிரெயச் சொற்றொடர் அப்படியே அதுதான். ஞானமுள்ள இருதயம் என்பது அதன் விளக்கம். தேவனின் மறுமொழியில் (3:11) மூன்று சொற்களும் ஒரே வசனத்தில் சேர்கின்றன: நீடித்த ஆயுளையோ ஐசுவரியத்தையோ கேளாமல், நியாயத்தைச் செவியுறும் விவேகத்தைக் கேட்டாய். கேட்டல், செவிகொடுத்தல், நியாயம். சவுலிடம் சிதறிப்போனவை இங்கு ஒன்றுகூடின.

அரசனுக்குச் செவியே முதற்பண்பு என்பதைத் தமிழ் மரபும் அறிந்திருந்தது. திருக்குறளில் ‘கேள்வி’ என்னும் 42ஆம் அதிகாரம் பொருட்பாலில், அரசியல் என்னும் இயலில் அடங்கியுள்ளது. இதனைத் தமிழ்ச் சபையில் எடுத்துக்காட்டுவது பொருத்தமுடையது.

சாலொமோனின் இருதயம் இறுதிவரை கேட்கவில்லை என்பதை நாம் அறிவோம். யூதாவின் கடைசி ராஜாக்களின் காலத்தில் எரேமியா இப்பழைய சொற்களை மீண்டும் எடுக்கிறான். யோயாக்கீம் அநீதியினால் தன் வீட்டையும், ‘மிஷ்பாத்’ இல்லாமல் தன் மேலறைகளையும் கட்டுகிறான் (எரே. 22:13). கேதுருமரத்தால் போட்டியிடுவதாலோ நீ ராஜாவாயிருப்பாய் என்று தீர்க்கதரிசி வினவுகிறான் (22:15). சாமுவேலின் குமாரரை வீழ்த்திய அதே பொருளாசைச் சொல் 22:17இல் திரும்புகிறது. ராஜாக்கள் தங்களை மேய்ப்பர் என அழைத்துக்கொண்ட அக்காலத்தில், உன் மேய்ப்பரையெல்லாம் காற்று மேய்த்துக்கொண்டுபோம் என்னும் கருத்தில் 22:22 அமைந்துள்ளது. பெயரும் வினையும் ஒரே வேர், மேய்ப்பவனே மேயப்படுகிறான்.

7. அருளுரையாளர் கவனத்திற்கு

சொல்நயத்தில் இன்பம் கண்டவர் எங்கும் அதனையே காணும் மயக்கத்திற்கு உள்ளாவதுண்டு. சொல்லின் வேரைத் தோண்டி அதனையே பொருளாகக் கொள்வதன் தீமையை ஜேம்ஸ் பார் 1961ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலில் வன்மையாக எடுத்துக்காட்டினார். ஆகவே மூன்று வினாக்களை எழுப்பிப் பார்த்தல் நன்று. முதலாவது, அச்சொல் கதையின் முக்கிய இடங்களில் திரும்பத் திரும்ப வருகிறதா? இரண்டாவது, அதனை நீக்கிவிட்டால் கதையின் வாதம் குன்றுமா? மூன்றாவது, சொல்லை எடுத்துக்காட்டாமலே அதே கருத்தைக் கதையின் போக்கிலிருந்து நிறுவ முடியுமா? ‘கேள்’, ‘எடு’ ஆகிய சொற்கள் இம்மூன்றிலும் தேறுகின்றன. 2 சாமுவேல் 11:1இல் உள்ள ஆலெப் எழுத்து தேறவில்லை. அதனை வகுப்பறையில் சுட்டலாம், பிரசங்க பீடத்தில் அதன்மேல் உபதேசம் கட்டலாகாது. சபையாருக்கு எபிரெய ஒலிகளை அடுக்கிக் காட்டுவதும் வேண்டற்பாலதன்று. தமிழின் ‘கேள்’, ‘எடு’ என்னும் இரு சொற்களே போதும்.

8. நம் பட்டங்களும் நம் வினைகளும்

நம் நாட்டில் முடியாட்சி மறைந்துவிட்டது. ஆனால் கேட்டலும் எடுத்தலும் மறையவில்லை. திருச்சபையின் குருமாரை ‘ஆயர்’ என்றும் அத்தியட்சரைப் ‘பேராயர்’ என்றும் அழைக்கிறோம். ஆயர் என்பது மேய்ப்பர் என்னும் பொருளுடைய இனிய தமிழ்ச்சொல். எரேமியாவின் சாட்டைக்கு உட்பட்டதும் அதே மேய்ப்பர் என்னும் பட்டமே என்பதை மறத்தலாகாது. பட்டம் எத்துணைத் தாழ்மையுடையதாயினும், அதனைச் சுமப்பவரின் வினை ‘எடுத்தல்’ ஆயின், திருமறை அவரை 1 சாமுவேல் 8ஆம் அதிகாரத்தில் சேர்த்துப் படிக்கும்.

பொறுப்புகளுக்குத் தேர்தல் நிகழும் காலங்களில் நம் சபைகளும் ஒருவரைக் ‘கேட்கின்றன’. நமக்குச் சாதகமானவர் யார், நம்மவர் யார் என்று கேட்பது எளிது; அவர் கேட்கும் இருதயமுடையவரா என்று வினவுவோர் சிலரே. கேட்டுப் பெற்றபின் அவரைக் குறைகூறுவோரும் நாமே. ராஜாவின் குற்றத்தைச் சொல்லும் இந்நூல், அவனைக் கேட்டவர்களின் பங்கை ஒருபோதும் மறைப்பதில்லை. அவன் பெயரிலேயே அதனை எழுதி வைத்திருக்கிறது. மற்றொருபுறம், ஒரு சேகரத்தை விட்டு மாற்றலாகிச் செல்லும் குருவானவர் சபையாரின் முன் நின்று, நான் யார் கையில் எதை எடுத்தேன் என்று சாமுவேலைப்போல் கேட்கத் துணிவாரா? கணக்குப் புத்தகத்தை மட்டுமன்று, ஏழைகளின் நேரத்தையும் பெண்களின் உழைப்பையும் கீழ்ப்பணியாளரின் மதிப்பையும் சேர்த்தே அவ்வினாவை எழுப்பவேண்டும்.

செபெதேயுவின் குமாரர் ஆண்டவரிடம் வந்து, நாங்கள் கேட்பதை எங்களுக்குச் செய்யவேண்டும் என்றனர். அவர்கள் கேட்டவை அரியணையின் வலப்பக்கமும் இடப்பக்கமும். கேட்பது இன்னதென்று அறியாமல் கேட்கிறீர்கள் என்பதே அவர் மறுமொழி (மாற்கு 10:35-38). புறஜாதியாரின் அதிபதிகள் இறுமாப்பாய் ஆள்வதை எடுத்துக்காட்டி, உங்களுக்குள் அவ்வாறிருத்தலாகாது என்றார். தாம் வந்ததோ கொடுப்பதற்கு என்றார் (10:42-45). பவுல் பிலிப்பியருக்கு எழுதும்போது, கிறிஸ்து தேவனுக்குச் சமமாயிருப்பதைப் பற்றிக்கொள்ளவேண்டிய பொருளாகக் கருதாமல், அடிமையின் ரூபத்தை எடுத்தார் என்கிறார் (பிலி. 2:6, 7). இங்கு ‘எடுத்தல்’, ‘அடிமை’ ஆகியவற்றைக் குறிக்கும் கிரேக்கச் சொற்களே, 1 சாமுவேல் 8ஆம் அதிகாரத்தின் கிரேக்க மொழிபெயர்ப்பிலும் ராஜா எடுப்பதையும் ஜனம் அடிமையாவதையும் குறிக்கின்றன. பவுல் அவ்வதிகாரத்தை நினைத்தே எழுதினார் என்று நாம் வாதாடவில்லை. ஆயினும் ராஜாக்களின் வரலாறு முழுவதையும் வாசித்து வந்த செவிக்கு அவ்விடம் தெளிவாக ஒலிக்கிறது. மற்ற ராஜாக்கள் எடுத்ததனால் ஜனம் அடிமையாயிற்று. இந்த ராஜா எடுத்தது ஒன்றே, அது அடிமையின் கோலம். அவருடைய ஊழியத்தில் நிற்கும் நாம் அவரிடம் கேட்க வேண்டியதும் ஒன்றே: கேட்கும் இருதயம்.